பூட்டிய கட்டடங்களும் அரசின் மானியமும்

கோவை பெரிய கடை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் பாட்டனார் 1938-ஆம் ஆண்டு கட்டிய இரண்டடுக்குக் கட்டடம் இருக்கிறது. கீழ்த்தளம் ஒரு காலத்தில் தானிய மண்டி; மேல்தளத்தில் பஞ்சாலைக் கணக்கர்களும் வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்களும் குடியிருந்தார்கள். மேல்தளத்தைப் பூட்டிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. கீழ்த்தளத்தைப் பூட்டி ஏழு ஆண்டுகள். அதன் உரிமையாளர்கள் இன்று பதினொரு பேர். அவர்களில் நானும் ஒருவன். பயன்படாமல் கிடக்கும் மூலதனம் சமூகத்துக்கு இழப்பு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கற்பித்த நான், அந்தக் கட்டடத்தின் சாவிகளில் ஒன்றை வைத்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு விடுதி நடத்தும் ஓர் அம்மையார் மேல்தளத்தைக் கேட்டு வந்தார். பழுதுபார்க்கும் செலவில் பாதியைத் தாமே ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார். பதினொரு பேரில் ஒன்பது பேர் சம்மதித்தோம். வெளிநாட்டில் வாழும் ஒருவரிடமிருந்து பதில் இல்லை. மற்றொருவர், 'வாடகைக்கு விட்டால் காலி செய்ய வைக்க முடியாது; விலை ஏறட்டும், விற்றுக்கொள்ளலாம்' என்றார். அந்த அம்மையார் நகருக்கு வெளியே வேறோர் இடம் பார்த்துக்கொண்டார். நகரின் நடுவில் தங்கியிருக்க வேண்டிய பெண்கள் இன்று நாள்தோறும் இரண்டு பேருந்துகள் மாறி வேலைக்கு வருகிறார்கள்.

இந்தச் சொந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு ரூ.1 லட்சம் கோடியில் 'நகர்ப்புற சவால் நிதியம்' ஒன்றை அறிவித்தது. அந்நிதியம் ஆதரிக்கும் மூன்று நோக்கங்களில் ஒன்று, நகரங்களின் ஆக்கபூர்வமான மறுமேம்பாடு. வங்கிகள் கடன் கொடுக்கத் தகுந்த திட்டங்களின் செலவில் 25 விழுக்காடு வரை நிதியம் தரும். குறைந்தது 50 விழுக்காட்டைக் கடன் பத்திரம், வங்கிக் கடன், அரசு-தனியார் கூட்டு ஆகிய வழிகளில் திரட்ட வேண்டும். முதலாண்டுக்கு ரூ.10,000 கோடி ஒதுக்கப்பட்டது. பாழடைந்த நகர மையங்களுக்கும் பயனிழந்த பழைய கட்டடங்களுக்கும் அரசுப் பணம் சென்று சேரும் வாய்ப்பு இதனால் உருவாகியுள்ளது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், அந்தப் பணம் எங்கள் கட்டடத்தின் பூட்டைத் திறக்குமா என்று கேட்டுப் பார்த்தால், திறக்காது என்பதே என் விடை. ஏன் திறக்காது என்பதை ஆராய்ந்தால், இத்தகைய மானியங்கள் எங்கே பலன் தரும், எங்கே வீணாகும் என்பது விளங்கும்.

முதலில் ஒரு கேள்வி எழலாம். சொத்து வைத்திருப்பவருக்கு வரி செலுத்துவோரின் பணத்தை ஏன் தர வேண்டும்? பூட்டிய கட்டடத்தின் இழப்பு அதன் உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்துக் கடையின் வியாபாரம் குறைகிறது; தெருவில் இரவு வெளிச்சம் குறைகிறது; மழைக்காலத்தில் சுவர் சரிந்தால் வழிப்போக்கர் உயிர் போகிறது; ஏற்கெனவே குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பேருந்தும் உள்ள இடம் காலியாகக் கிடக்க, நகரம் வயல்களை விழுங்கிக்கொண்டு வெளியே விரிகிறது. இந்த இழப்புகள் உரிமையாளரின் கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே அரசு தலையிடுவதற்கு நியாயம் இருக்கிறது. எந்தக் கருவியைக் கொண்டு தலையிடுவது என்பதில்தான் சிக்கல்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பழைய கட்டடம் ஒன்றைச் சீரமைக்க ரூ.100 செலவாகும், சீரமைத்த பின் அதிலிருந்து வரக்கூடிய வருமானத்தின் இன்றைய மதிப்பு ரூ.80 மட்டுமே என்று கொள்வோம். எந்த உரிமையாளரும் அதைச் செய்யமாட்டார். இங்கே இடைவெளி ரூ.20. அரசு அந்த 20-ஐக் கொடுத்தால் கட்டடம் உயிர்பெறும். இப்போது இன்னொரு கட்டடம்: செலவு ரூ.100, மதிப்பு ரூ.150. ஆயினும் அது பூட்டிக் கிடக்கிறது என்றால், அதைத் தடுப்பது பணம் அன்று. அதற்கு ரூ.20 மானியம் கொடுத்தால் பூட்டு திறக்காது. அல்லது, எப்படியும் கட்டியிருக்கக்கூடியவரின் லாபம் ரூ.20 கூடும். முதல் வகைக்கு மானியம் மருந்து. இரண்டாம் வகைக்கு அது மருந்தன்று.

முதல் வகைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு கனடாவின் கால்கரி நகரம். எண்ணெய் நிறுவனங்களின் தலைமையகங்கள் நிறைந்த அந்நகரில், 2014-இல் எண்ணெய் விலை சரிந்த பின்பு மையப்பகுதி அலுவலகங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலியாகிவிட்டது. அலுவலகக் கோபுரங்களின் மதிப்பு வீழ்ந்ததால் அவை செலுத்திய சொத்து வரியும் குறைந்தது. அந்தச் சுமை நகரின் பிற பகுதிகளில் இருந்த சிறு வணிகர்கள்மீது விழுந்தது. 2021-இல் மாநகராட்சி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது: காலி அலுவலகத்தைக் குடியிருப்பாக மாற்றினால் சதுர அடிக்கு 75 கனடா டாலர் மானியம். 2031-க்குள் 60 லட்சம் சதுர அடி அலுவலகப் பரப்பைக் குறைப்பது இலக்கு.

அங்கே மானியம் ஏன் தேவைப்பட்டது? அலுவலகத்தை வீடாக்குவது எளிய வேலை அன்று. அலுவலகத் தளங்கள் அகலமானவை. சன்னலிலிருந்து தொலைவில் உள்ள நடுப்பகுதியில் படுக்கையறை அமைக்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய், தனிக் கழிவறை, தனிக் காற்றோட்டம் வேண்டும். செலவு மதிப்பைத் தாண்டிவிடும். அந்த இடைவெளியைத்தான் மாநகராட்சி நிரப்பியது. பணத்தைத் தொடக்கத்தில் தரவில்லை. பணி முடிந்த பின்பே தந்தது. வேலையை முடிக்காதவருக்கு ஒரு டாலரும் கிடைக்காது.

அமெரிக்காவில் 1976 முதல் வெவ்வேறு வடிவங்களில் நடைமுறையிலுள்ள பழங்கட்டடச் சீரமைப்பு வரிச்சலுகையும் இத்தகையதே. சான்றளிக்கப்பட்ட பழமையான கட்டடத்தைச் சீரமைத்தால், தகுதியுள்ள செலவில் 20 விழுக்காடு வருமான வரியில் கழிக்கப்படும். கட்டடம் வருமானம் ஈட்டும் பயன்பாட்டுக்கு வந்தாக வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றுவிட்டால் சலுகையின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்த வேண்டும். இரு நாடுகளிலும் அரசு விலைக்கு வாங்குவது கட்டடத்தின் பயன்பாட்டை. சுண்ணாம்பையும் செங்கல்லையும் அன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் காலியாக இருந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. அதே காலத்தில், மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு 2012-ஆம் ஆண்டுக்கான நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைச் சுமார் 1.88 கோடி என மதிப்பிட்டது. காலி வீடுகள் யாவும் ஏழைகள் குடியேறத்தக்கவை அல்ல என்பது உண்மைதான். எனினும், வாடகைக்கு வீடு தேடி மக்கள் அலையும் மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் லட்சக்கணக்கான வீடுகள் பூட்டிக் கிடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கால்கரியில் தேவை குறைந்ததால் கட்டடங்கள் காலியாயின. நம் பெருநகரங்களில் தேவை பெருகி நிற்கும் இடத்திலேயே கட்டடங்கள் காலியாக இருக்கின்றன. நம்முடைய பூட்டுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அந்தப் பூட்டுக்கு மூன்று சாவிகள் இருக்கின்றன. முதலாவது, பிரிக்கப்படாத வாரிசுரிமை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்படாத சொத்தில் ஒருவர் மறுத்தால் பத்துப் பேர் காத்திருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு தலைமுறை கழியும். இரண்டாவது, வாடகைச் சட்டம் ஏற்படுத்திய அச்சம். மும்பையில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940-களின் அளவிலேயே உறையச் செய்தது. உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கின. 1969-இல் தனிச் சட்டம் இயற்றி, சுமார் 19,600 பழைய கட்டடங்களில் சிறப்பு வரி வசூலித்து, அரசு வாரியமே பழுதுபார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அரைநூற்றாண்டு கடந்தும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கே கட்டடம் சரியும் செய்தியை வாசிக்கிறோம். நோய்க்குக் காரணமான சட்டத்தை வைத்துக்கொண்டு பழுதுபார்க்கப் பணம் கொடுத்ததன் விளைவு அது. தமிழகம் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017-இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் பதிவும் கட்டாயமாக்கப்பட்டன. சட்டம் மாறிவிட்டது, என் உறவினர் சொன்ன சொல்லிலிருந்து தெரிவது, அச்சம் இன்னும் மாறவில்லை என்பதே.

மூன்றாவது சாவிதான் பொருளியல் நோக்கில் முதன்மையானது: பூட்டி வைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இந்தியாவில் சொத்து வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.2 விழுக்காடு மட்டுமே; வளர்ந்த நாடுகளில் அது சராசரியாக 1 விழுக்காட்டுக்கும் மேல். எங்கள் கட்டடத்துக்கு நாங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தும் வரியைப் பதினொரு பேருக்குப் பகிர்ந்தால், ஒருவர் குடும்பத்தோடு ஒருவேளை உணவகத்தில் சாப்பிடும் செலவுதான். மனையின் விலையோ ஆண்டுதோறும் ஏறுகிறது. இந்நிலையில், காத்திருப்பவர் லாபமடைகிறார். வாடகைக்கு விடுபவர் தொல்லையை வரவழைத்துக்கொள்கிறார். என் உறவினர் பேராசைக்காரர் அல்லர். அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு. அப்படிப்பட்ட கணக்கைச் சரியானதாக்கும் விதிகளில்தான் பிழை இருக்கிறது.

இந்தப் பிழையை ஜப்பான் தாமதமாகவேனும் உணர்ந்தது. அங்கே 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 90 லட்சம் வீடுகள், அதாவது மொத்தத்தில் 13.8 விழுக்காடு, காலியாக இருந்தன. வீடு நிற்கும் சிறு மனைக்கு வரி மதிப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்படும் என்ற பழைய விதி இருந்ததால், இடிந்த வீட்டைக்கூட இடிக்காமல் வைத்திருப்பதே உரிமையாளருக்கு ஆதாயமாக இருந்தது. 2015-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆபத்தான நிலையிலுள்ள காலி வீடுகளுக்கு அந்தச் சலுகையைப் பறித்தது. 2023 திருத்தம், பராமரிப்பின்றிச் சீரழிந்துவரும் வீடுகளுக்கும் அதை விரிவாக்கியது. 2024 ஏப்ரல் முதல் வாரிசுரிமையைப் பதிவு செய்வதும் கட்டாயம். உள்ளாட்சிகள் சீரமைப்புக்கும் இடிப்புக்கும் மானியம் தருவதும் உண்டு. ஆனால், பூட்டி வைப்பதன் ஆதாயத்தைக் குறைக்காமல் மானியத்தை மட்டும் கொண்டு காரியம் நடக்காது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

தனியார் உரிமையாளர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அரசே உரிமையாளராக இருக்கும் இடத்திலும் பூட்டுகள் தொங்குகின்றன. 2020-இல் பொதுமுடக்கத்தின்போது புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்து சென்ற காட்சியைக் கண்ட பின்பு, மத்திய அரசு மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்தது. முந்தைய திட்டங்களில் அரசுப் பணத்தில் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த வீடுகளைச் சீரமைத்து, 25 ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுவது அதன் ஒரு பகுதி. நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட தகவலின்படி, அவ்வாறு கண்டறியப்பட்ட சுமார் 83,500 வீடுகளில் வாடகைக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டவை சுமார் 5,650. வேலை கிடைக்கும் இடத்திலிருந்து தொலைவில் கட்டிய வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தாலும் ஆள் வரமாட்டார். இங்கே இடைவெளி கட்டடத்தில் இல்லை. அது நிற்கும் இடத்தில் இருக்கிறது.

மானியமும் சலுகையும் யாரைச் சென்று சேர்கின்றன என்பது அடுத்த கேள்வி. இதில் மும்பை ஆலை நிலங்களின் வரலாறு நமக்குப் பாடம். 1982-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின்பு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1991-இல் வகுக்கப்பட்ட விதி, மறுமேம்பாட்டுக்கு வரும் ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்றது. 2001-இல் கொண்டுவந்த திருத்தம், இந்தப் பங்கீடு கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று மாற்றியது. ஆலை நிலத்தில் பெரும்பகுதி கட்டடங்கள்தாமே! 2006-இல் உச்சநீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. பூங்காவும் தொழிலாளர் குடியிருப்பும் வந்திருக்க வேண்டிய நிலத்தில் வணிக வளாகங்களும் வானளாவிய கோபுரங்களும் எழுந்தன. பொதுநலன் விதியில் எழுதப்பட்டிருந்தும், ஒரு சொல்லின் பொருளை மாற்றியதால் கைநழுவிப் போனது.

கோவைக்காரன் என்ற முறையில் இது எனக்குத் தொலைவிலுள்ள செய்தி அன்று. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச்சில் இயக்கத்தை நிறுத்தின. அவற்றில் ஐந்து இந்நகரில் உள்ளவை. ஆலைகளை மீண்டும் இயக்க வேண்டும் என்பது தொழிலாளர்களின் கோரிக்கை. அதற்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். ஒருவேளை அந்த இடங்கள் வேறு பயன்பாட்டுக்கு மாறும் நாள் வருமானால், யாருக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே, இரண்டு பொருள் கொள்ள இடமில்லாத சொற்களில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நகர்ப்புற சவால் நிதியத்துக்கு இந்த அனுபவங்கள் சொல்வது என்ன? பாதிச் செலவைச் சந்தையில் திரட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஊதாரித்தனத்தைத் தடுக்கும். ஆனால், அதே நிபந்தனை நிலவிலை உயர்ந்த பெருநகரங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் சாதகமானது. அங்கேதான் மானியம் இல்லாமலும் காரியம் நடக்கும். இடைவெளி உண்மையாகவே இருக்கும் கும்பகோணத்துக் கடைத்தெருவோ காரைக்குடியின் பழைய வீதியோ வங்கியின் வாசலைத் தாண்டுவது கடினம். பத்துச் சிறு கட்டடங்களைத் தெருவாரியாக ஒரே திட்டமாகத் தொகுத்து, உள்ளாட்சியே விண்ணப்பிக்க வழி செய்தால்தான் சிறு நகரங்களுக்கு இதில் இடம் கிடைக்கும்.

மாநில அரசு செய்ய வேண்டியவை மேலும் உண்டு. பூட்டிய கட்டடங்களின் பட்டியலை ஒவ்வொரு மாநகராட்சியும் தயாரிக்க வேண்டும். மின் இணைப்பின் பயன்பாட்டைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். தக்க காரணமின்றி மூன்றாண்டுகளுக்கு மேல் பூட்டியிருப்பவற்றுக்குச் சொத்து வரியை ஆண்டுதோறும் படிப்படியாக உயர்த்த வேண்டும். நோயுற்றோர், வழக்கில் சிக்கியோர் போன்றவர்களுக்கு விலக்கு தரலாம். மானியத்தைப் பணி முடிந்த பின்பே தர வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விற்றாலோ பயன்பாட்டை மாற்றினாலோ திரும்பப் பெற வேண்டும். பெறுபவர் பெயர், தொகை, நிபந்தனை ஆகியவை மாநகராட்சி இணையதளத்தில் வெளியாக வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவருக்கும் சிறு கடைக்காரருக்கும் திரும்பி வரும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, வாரிசுகளிடையே சிக்கிய கட்டடத்துக்கு ஒரு வழி வேண்டும். இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம், நீண்டகாலம் காலியாக உள்ள வீட்டின் நிர்வாகத்தை மட்டும் உள்ளாட்சி ஏற்றுக்கொள்ள இடமளித்தது. உரிமை மாறாது, உள்ளாட்சி சீரமைத்து வாடகைக்கு விட்டு, செலவைக் கழித்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்குத் தரும். நடைமுறை நீளமானதாக அமைந்ததால் அங்கே அது அரிதாகவே பயன்படுத்தப்பட்டது. அந்தக் குறையைக் களைந்து, பெரும்பான்மைப் பங்குதாரர்கள் விரும்பி விண்ணப்பித்தால் மாநகராட்சி பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளுக்கு நிர்வாகத்தை ஏற்கலாம் என்று நாம் சட்டம் செய்யலாம். மறுப்பவரின் பங்கு வாடகையும், காணாதவரின் பங்கு வாடகையும் அவர்கள் பெயரில் வைப்பு நிதியாகச் சேரட்டும். யாருடைய உரிமையும் பறிபோகாது; ஒருவரின் மௌனம் ஒரு தெருவை முடக்கவும் முடியாது. அத்தகைய கட்டடத்துக்குப் பழுதுபார்க்கும் மானியம் கொடுத்தால், அந்தப் பணம் பூட்டைத் திறக்கும்.

வரியை உயர்த்தச் சொல்வது சொத்துடையவர்களுக்குக் கசக்கும் என்று அறிவேன். அந்த வரியைச் செலுத்த வேண்டியவர்களில் நானும் ஒருவன். அது வந்தால், விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் என் உறவினரின் கணக்கு மாறும். ஒன்பது பேர் சம்மதித்து, இருவருக்காகக் காத்திருப்பதைச் சாக்காகக் கொண்டு பேசாமல் இருந்துவிட்ட எங்கள் கணக்கும் மாறும்.

சென்ற மாதம் அந்தச் சந்துக்குப் போயிருந்தேன். மேல்தளத்துச் சன்னலின் மரச்சட்டம் ஒன்று கழன்று தொங்கியது. எதிரே தேநீர்க்கடை வைத்திருப்பவர், 'ஐயா, மழைக்கு முன்னால் இதை ஏதாவது செய்யுங்கள். குழந்தைகள் போகிற வழி' என்றார். ஆள் வைத்து அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு வந்தேன். என்னிடமுள்ள சாவியைக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதைச் சட்டப்படி வாங்கிக்கொள்ளும் கை ஒன்றை அரசு முதலில் உருவாக்கட்டும். மானியம் அதன் பின்னர் வரட்டும்.